க்யூவில் யார் முதலில்?

1966, நவம்பர் 16. புதன்கிழமை இரவு. பி.பி.சி. டி.வி.யில் ஒரு நாடகம். பெயர், ‘கேத்தி கம் ஹோம்’.

கேத்தி சாதாரணக் குடும்பப் பெண். கணவன் டிரைவர். விபத்தில் அவனுக்கு அடிபட, வருமானம் படுத்துவிடுகிறது. இருந்த வீடு போகிறது. ஒண்டிய இடங்களும் ஒவ்வொன்றாகப் போகின்றன. ஹாஸ்டலில் இடம் கிடைக்கிறது... ஆனால், கணவனுக்கு அனுமதி இல்லை! கடைசிக் காட்சி, ரயில்வே ஸ்டேஷன். அதிகாரிகள் வந்து குழந்தைகளைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். அவள் செய்த குற்றம்? வீடு இல்லை. அவ்வளவுதான்.

பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர். ‘நம்ம நாட்டிலா இப்படி?’ என்று ஆடிப்போனது பிரிட்டன். இயக்குநர் கென் லோச்சும் எழுத்தாளர் ஜெரமி சாண்ட்ஃபோர்டும் காட்டியது வெறும் கற்பனை இல்லை. முந்தைய வருடம்தான் கென்ட் மாவட்டத்தில், கிங் ஹில் என்ற ஹாஸ்டலில், மனைவி மக்களோடுதான் இருப்போம் என்று அடம்பிடித்துப் போராட்டம் தொடங்கியிருந்தார்கள் சில கணவர்கள். அதற்காகச் சிறைக்குக்கூடப் போனார்கள்.

உலகப் போருக்குப் பிறகு லட்சக்கணக்கில் அரசு வீடுகள் கட்டிய நாடாச்சே, ஏன் இந்த நிலைமை? விஷயம் இதுதான். 1948-ல் வந்த சட்டப்படி, வீடற்றவர்களுக்குத் தற்காலிக இடம் தரவேண்டியது உள்ளூர் நிர்வாகத்தின் சமூகநலத்துறை. வாடகை வீடுகளின் சாவியோ வீட்டுவசதித்துறையின் கையில். பல இடங்களில் இரண்டும் வேறு வேறு நிர்வாகங்கள்! வீடு வேண்டுமென்றால் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கணும். அந்த ஊரிலேயே இத்தனை வருடம் குடியிருந்திருக்கணும் என்று நிபந்தனை வேறு. வீடே இல்லாமல் ஊர் ஊராக அலைகிறவன் எந்த ஊர்க் கணக்கைக் காட்டுவான்? ஆக, யாருக்கு அவசரமோ அவனுக்கு க்யூவில் இடமே இல்லை.

நாடகம் வந்து 11 வருடம் கழித்துத்தான் விடிவு வந்தது. லிபரல் கட்சி எம்.பி. ஸ்டீபன் ராஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதா, 1977-ல் சட்டமானது. வீடற்ற குடும்பத்துக்கு இடம் தருவது இனி வீட்டுவசதித்துறையின் கடமை. குழந்தைகள் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முதுமையாலோ நோயாலோ தளர்ந்தவர்கள், தீ, வெள்ளத்தில் வீடு இழந்தவர்கள்... இவர்களுக்கு முன்னுரிமை.

சும்மா விடுவார்களா? ‘வருடக்கணக்கில் காத்திருக்கிறவன் ஏமாளியா? குறுக்கே புகுகிறவனுக்குச் சலுகையா?’ என்று நாடாளுமன்றத்தில் கொதித்தார்கள் எதிர்ப்பாளர்கள். நியாயமில்லாத கோபம் என்று தள்ளிவிட முடியாது. க்யூவில் ஒருத்தர் நடுவில் நுழைந்தால் நமக்கே சுர்ரென்று ஏறுமே! அவர்களைச் சமாதானப்படுத்தச் சில பூட்டுகள் போடப்பட்டன. ‘வேண்டுமென்றே’ வீட்டை இழந்தவருக்கு நிரந்தர வீடு கேட்கும் உரிமை கிடையாது. அந்த ஊரோடு தொடர்பு இல்லையென்றால், தொடர்புள்ள ஊருக்கு அனுப்பலாம். தனி ஆளாக, திடகாத்திரமாக இருந்தால், அவன் பிளாட்பாரத்தில் படுத்திருந்தாலும் ஆலோசனை மட்டும்தான்!

ஆனாலும், கேத்தி மாதிரி ஒரு தாய் முதல் முறையாகச் சட்டத்தைக் காட்டி வீடு கேட்க முடிந்தது. அது சின்ன விஷயமில்லை.

அடுத்த மூன்றாவது வருடமே கணக்கு தலைகீழானது. 1980-ல் மார்கரெட் தாட்சர் அரசு, கவுன்சில் வீடுகளைக் குடியிருப்பவர்களே 50 சதவிகிதம் வரை தள்ளுபடியில் வாங்கிக்கொள்ள உரிமை கொடுத்தது. சொந்த வீடு கிடைத்தவர்களுக்குக் கொண்டாட்டம்தான். இங்கிலாந்தில் மட்டும் இதுவரை சுமார் 20 லட்சம் வீடுகள் கைமாறிவிட்டன. ஆனால், விற்ற பணத்தை முழுசாகப் புது வீடு கட்டச் செலவழிக்கக் கவுன்சில்களை விடவில்லை. சரக்கு வெளியே போகிறது, புதுச் சரக்கு வரவில்லை. எந்தக் கடை தாங்கும்?

வீடு குறையக் குறைய, க்யூவில் நிற்பவர்களின் கோபம் பக்கத்தில் நிற்பவர் மேல் திரும்பியது. 1992-ல் கட்சி மாநாட்டு மேடையிலேயே, வீட்டுக்காகக் கர்ப்பமாகிறார்கள் என்று இளம்பெண்களைக் கிண்டலடித்தார் அமைச்சர் பீட்டர் லில்லி. 1996 சட்டம், வீடற்றவர்களுக்குத் தரவேண்டிய தங்குமிடத்தை 2 வருடத் தற்காலிக ஏற்பாடாகச் சுருக்கியது. 2002-ல் வந்த சட்டம் அந்த 2 வருடக் கெடுவை நீக்கியது. ஸ்காட்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. 2003-ல் சட்டம் போட்டு, 2012 முடிவதற்குள் ‘முன்னுரிமை’ப் பாகுபாட்டையே ஒழித்தது. தன் தவறில்லாமல் வீடிழந்தவர் தனி ஆளோ, குடும்பஸ்தரோ, எல்லோருக்கும் உரிமை.

சட்டங்கள் இத்தனை வந்தும், இங்கிலாந்தில் இன்று 1 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிக இடங்களில்தான் இருக்கின்றன. கேத்தியைப் போல வெறும் வீடு இல்லை என்பதற்காகக் குழந்தைகளைப் பறிகொடுக்க வேண்டியதில்லை. ஆனால், ஒரே அறையில் குடும்பமே வருடக்கணக்கில் காத்திருக்கிறது.

க்யூவில் யார் முதலில் என்பதைச் சட்டம் சொல்லிவிடும். ஆனால், க்யூவின் நீளத்தைக் குறைக்க ஒரே வழிதான். யாராவது வீடு கட்டணும்.