சேலம் சொற்போரும் வாத நெறியும்

தமிழில் வாதம் புதிதன்று. மணிமேகலையின் 27ஆம் காதையில் காப்பியத் தலைவி வஞ்சி நகரத்தே சமயக் கணக்கர்தம் கொள்கைகளை அவரவர் வாய்மொழியாகவே கேட்கின்றாள். 29ஆம் காதையில் பக்கம், ஏது, திட்டாந்தம் முதலிய அளவை உறுப்புகளை அறவண அடிகளிடம் பயில்கின்றாள். மறுக்குமுன் கேட்டல், வழக்கிடுமுன் பொருளை வரையறுத்தல் என்னும் இரு நெறிகள் இவற்றாற் பெறப்படும். அந்நெறிகள் அண்மைக் காலத்தில் எவ்வாறு நின்றன என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெறி தவறியதற்குச் சான்று அருட்பாப் பூசல். 1867இல் திருவருட்பா அச்சேறியபின் எழுந்த அப்பூசலில், பொருளை விடுத்து ஆளைச் சாடும் வசைநூல்கள் இருபாலும் பெருகின. 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் ஏறிற்று.

1943இன் நிலை வேறு. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்க வேண்டும் என்னும் முழக்கம் சுயமரியாதை இயக்கத்தாரிடை எழுந்த காலை, இரு தரப்பினரும் ஒரே மேடை ஏறினர். பிப்ரவரி 9இல் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் சி. என். அண்ணாதுரையும் இரா. பி. சேதுப்பிள்ளையும், மார்ச்சு 14இல் சேலத்தில் அண்ணாதுரையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிரெதிர் வாதிட்டனர். தருமபுரி அந்நாளில் சேலம் மாவட்டத்தின் பகுதி. 1965 அக்டோபர் 2ஆம் நாளே தனி மாவட்டமாயிற்று. ஆகலின் இச்சொற்போர் தகடூர் நாட்டு வரலாற்றுக்கும் உரியதாம்.

இங்குக் கருதற்பாலன இரண்டு. ஒன்று, எதிர்நின்றோர் முற்றும் பகைவர் அல்லர் என்பது. கட்டாய இந்தியை எதிர்த்த 1937-38 போராட்டத்தில் பாரதியாரும் அண்ணாதுரையும் ஓரணியினர். மேலும், ‘தசரதன் குறையும் கைகேயி நிறையும்’ எழுதிய பாரதியார் இராமகாதையைக் கண்மூடிப் போற்றியவர் அல்லர். எரிப்போர், போற்றுவோர் என இரு கூறே கண்ட பார்வைக்கு, காப்பியத்தை ஏற்றுக்கொண்டே அதன் மாந்தரைத் திறனாயும் இம்மூன்றாம் நிலை புலப்படவில்லை.

மற்றொன்று, வழக்கிட்ட பொருள் ஒன்றாக இல்லை என்பது. ஒரு தரப்பு நூல் சமுதாயத்தில் விளைக்கும் பயனை அளந்தது. மறு தரப்பு கவிநயத்தை அளந்தது. பக்கம் வேறாயின் ஏதுக்கள் எத்துணை வலியவாயினும் ஒன்றையொன்று தாக்கா. கவியழகு மிக்க நூல் தீய பயனும் விளைக்கலாம் என்பதை இரு தரப்பும் ஒருங்கே ஆராய்ந்திருப்பின், வாதம் மேலும் ஆழ்ந்திருக்கும்.

இச்சொற்போர்கள் ‘தீ பரவட்டும்’ என நூல்வடிவு பெற்றன. பெயரே ஒரு தரப்பின் குரலாதலின், ஆய்வாளர் அதனைச் சான்றாகக் கொள்ளுங்கால் விழிப்புடன் கொள்ளல் வேண்டும். எனினும் வாதம் எழுத்தில் நின்றமையாலன்றோ இன்று நாம் இரு தரப்பையும் எடைபோட முடிகின்றது!

1968இல் அண்ணாதுரை முதலமைச்சராயிருந்தபோது, இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் கம்பருக்கும் சிலை எழுந்தது. இதனைக் கொள்கை மாற்றமென முடிவு கட்டுதல் பொருந்தாது. ஆயினும் மேடையில் எதிர்த்த நூலின் ஆசிரியர்க்கு நாட்டின் பொதுமன்றில் இடம் மறுக்கப்படவில்லை என்பது தெளிவு. பொருளை வரையறுத்து, எதிர்வாதத்தை முற்றக் கேட்டு, ஆளைப் பழியாது மொழிதலே இன்றைய வாதங்கட்கும் வேண்டுவது என்பது இவ்வரலாற்றால் போதரும்.