கோலார் தங்கவயலுக்குப் புறப்படும் முன்



நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள், "பொன் எங்கிருந்து கிடைக்கிறது?" என்று கேட்டேன். "நகைக்கடையிலிருந்து, டீச்சர்" என்றான் ஒரு மாணவன். வகுப்பு சிரித்தது. ஆனால், அதற்கு மேல் பதில் சொல்ல எவராலும் இயலவில்லை. இன்னொருவன் மட்டும், "கே.ஜி.எஃப். படத்தில் பார்த்தேன்" என்றான். அந்தப் பதில்தான் என்னை உறுத்தியது. 2018இல் வெளிவந்த அத்திரைப்படத்தின் வழியாக மட்டுமே நம் பிள்ளைகள் அவ்வூரை அறிந்திருக்கின்றனர். தமிழர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மண்ணுக்கடியில் உழைத்த உண்மையான ஊர் அது. சென்ற விடுமுறையில் என் குடும்பத்தோடு அங்குச் சென்று வந்தேன். இந்தியாவுக்குச் சுற்றுலா செல்லும் பெற்றோர் தங்கள் பயணத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்க விரும்பினால், கீழ்க்காணும் செய்திகள் உதவும்.

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில், பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வாடகைக் காரில் செல்லலாம். நானோ தொடர்வண்டியையே பரிந்துரைப்பேன். பெங்களூரிலிருந்து பங்காருப்பேட்டை சென்று, அங்கிருந்து பிரியும் கிளைப்பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன் ஆகிய நிலையங்களைக் கடந்தால் கடைசி நிலையமான மாரிக்குப்பம் வரும். சுரங்கங்களுக்காகவே போடப்பட்ட பாதை அது. காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குச் செல்லும் வண்டிகளில் நிற்கவும் இடமிராது. சுரங்கம் மூடப்பட்டபின் அவ்வூர் மக்களில் பெருந்தொகையினர் பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்குச் சென்று திரும்புகின்றனர். நாம் எதிர்த்திசையில் செல்வதால் உட்கார இடம் கிடைக்கும். எதிரே வரும் வண்டியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவ்வூரின் இன்றைய நிலை அதிலேயே விளங்கிவிடும்.

வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1802இல் லெப்டினன்ட் ஜான் வாரன் என்னும் அளவையாளர், அவ்வட்டாரச் சிற்றூர் மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கேள்வியுற்று ஆராய்ந்து எழுதினார். 1870களில் மைக்கேல் லவெல் என்னும் ஓய்வுபெற்ற படைவீரர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். பெருமுதலீடின்றி அவரால் தொடர இயலவில்லை. 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்த பின்னரே பொன் பெருமளவில் வெளிவரத் தொடங்கியது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் அங்கு எடுக்கப்பட்ட பொன் 800 டன் என்பர்.

அந்தப் பொன்னை எடுத்தவர்கள் யார்? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த ஏழைகள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்களிலும் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்களும் பலர். ஒரே காலத்தில், ஒரே வறட்சியையும் சாதிக் கொடுமையையும் விட்டுப் புறப்பட்டவர்களுள் சிலர் இரப்பர்க் காட்டுக்கும் சிலர் சுரங்கத்துக்கும் சென்றனர். அங்குள்ள தொழிலாளர் லைன் வீடுகளைக் கண்டதும், நான் பிறந்த தோட்டத்து லயம் என் கண்முன் வந்து நின்றது.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர். மாணவர்களுக்கு விளக்க ஒரு வழி உண்டு: கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். அத்தகைய ஏழு கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அக்குழி நிரம்பாது. அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கும் மேல். மேலிருந்து அழுத்தும் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். அதில் மாண்டவர் பலர். உயிர் தப்பியவருள் பலரின் நுரையீரலைப் பாறைத்தூள் அரித்தது. சிலிக்கோசிஸ் என்னும் அந்நோய்க்கு மருந்தில்லை.

1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பியிழுத்து இச்சுரங்கங்களுக்கு மின்சாரம் கொணர்ந்தனர். பெங்களூர்த் தெருக்களுக்கே 1905இல்தான் மின்விளக்கு வந்தது. நம் நாட்டிலும் இதே கதைதான். பகாங் மாநிலத்தின் ரவுப் தங்கச் சுரங்கத்துக்காக 1900இல் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டப்பட்டது. பொன் என்றவுடன் மின்சாரம் மலையேறியும் வந்திருக்கிறது!

அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. 1965இல் இச்சுரங்கத்தின் ஆழத்தில் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்கள் கருவிகளை நிறுவி, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களைக் கண்டறிந்தனர். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றிலும் அவை கண்டறியப்பட்டன.

தமிழாசிரியர்களுக்கோ இவ்வூர் இன்னும் நெருக்கமானது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்கும் அவருடைய தமிழ்ப் பௌத்த இயக்கத்துக்கும் தங்கவயல் தொழிலாளர்கள் உறுதுணையாக நின்றனர். 1914இல் அவர் மறைந்தார். 1926 முதல் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை இவ்வூரிலிருந்து மீண்டும் வெளியிட்டார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்ததும் இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலைதான். பகலில் பாறை உடைத்தவர்கள் கூலியில் மிச்சம் பிடித்து நூல் அச்சிட உதவியிருக்கின்றனர். 1930இல் தொழிலாளர்களின் கைரேகைகளைப் பதிவு செய்ய நிருவாகம் முனைந்தபோது, தங்களைத் திருடரைப்போல் நடத்துவதா என்று கொதித்து மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தவர்களும் இவர்களே. படத்தில் வரும் ஒற்றை வீரனைவிட இவர்களைப் பற்றித்தான் நான் மாணவர்களுக்குச் சொல்வேன்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை உடைமையாக்கியது. பின்னர் அவை நடுவண் அரசின்கீழ் வந்து, 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனமாயின. ஒரு டன் பாறைக்கு மூன்று கிராம் அளவே பொன் கிடைத்த நிலையில், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது.

இனி, அங்குச் செல்வோர் கவனிக்க வேண்டியவை. சுரங்கத்துக்குள் இறங்கலாம் என்று எவரேனும் ஆசை காட்டினால் நம்பாதீர்கள். குழிகளில் நீர் நிரம்பியுள்ளது. நிறுவனத்தின் நிலத்தில் அனுமதியின்றி நுழைவதும் தவறு. குழிகளின்மேல் நிற்கும் இரும்புச் சாரங்களைச் சாலையிலிருந்தே காணலாம். ஊரைச் சுற்றி வெளிறிய குன்றுகள் தெரியும். அவை இயற்கை மலைகள் அல்ல. பாறையை அரைத்துப் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு. ஊரார் அவற்றைச் சயனைட் மேடு என்பர். மொத்தம் 3 கோடி டன்னுக்கும் மேல். 2024இல் அவற்றிலிருந்து மீண்டும் பொன் எடுக்கக் கர்நாடக அரசு ஒப்புதல் அளித்தது.

இங்கு நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஓட்டுநர் நேரே அம்மேட்டின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினார். என் மகன் திரைப்பட நாயகனைப்போல் மேலேறி நிற்க, நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவ்வழியே வந்த மூதாட்டி ஒருவர், "தம்பி, இறங்குப்பா. அந்தத் தூசிதான் எங்க வீட்டுச் சோத்துல விழுது" என்றார். எனக்கு முகம் கன்றிப்போயிற்று. காற்றடிக்கும் நாளில் அத்தூள் ஊருக்குள் பரவுகிறது. பிள்ளைகளுக்கு முகக்கவசம் எடுத்துச் செல்லுங்கள், மேட்டில் ஏறவிடாதீர்கள். லைன் வீடுகளையும் வாசலில் அமர்ந்திருப்பவர்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

ஊர் உயரமான இடத்தில் உள்ளதால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் காலைக் குளிர் இருக்கும். மெல்லிய கம்பளிச் சட்டை வேண்டும். தமிழ் எங்கும் செல்லும். திரும்பும் வழியில் பங்காருப்பேட்டையில் பானிபூரி சாப்பிடலாம். அங்கு ஊற்றும் நீர் தெளிந்த வெண்ணீராகவே இருக்கும், காரம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது!

அந்த மூதாட்டி எங்களை அழைத்துத் தேநீர் கொடுத்தார். அவர் கணவர் முப்பது ஆண்டுகள் சுரங்கத்தில் இறங்கியவராம். சுவரில் அவருடைய படம் மாலையோடு தொங்கியது. "மலேசியாவுக்கும் எங்க ஊர்க்காரங்க போனாங்கன்னு எங்க ஆயா சொல்லும்" என்று அவர் சொன்னபோது, என் பாட்டனாரின் ஊர்ப்பெயரைச் சொன்னேன். அது குடியாத்தத்துக்குப் பக்கந்தானே என்றார். ஆம், பக்கந்தான்.