அலுவலக மெயிலுக்காக உங்கள் செல்பேசியின் சாவியைக் கொடுத்துவிட்டீர்களா?

புதிய வேலையில் சேர்ந்த முதல் வாரம். 'கம்பெனி மெயிலை செல்பேசியிலேயே பார்க்கலாம், இந்த ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று ஐடி பிரிவிலிருந்து தகவல் வரும். நாமும் நான்கைந்து இடங்களில் 'சம்மதம்' என்று தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். எதற்கெல்லாம் சம்மதித்தோம் என்பது வேலையை விடும் நாளிலோ செல்பேசி தொலைந்த நாளிலோதான் தெரியவரும். அன்று பிள்ளைகளின் படங்கள் உட்பட எல்லாம் அழிந்து, கடையில் வாங்கிய நாளில் இருந்தது போல அந்தச் செல்பேசி காலியாகிவிடவும் கூடும்.

ஊழியர்களின் செல்பேசிகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் இந்த ஏற்பாட்டுக்கு 'மொபைல் டிவைஸ் மேனேஜ்மென்ட்' என்று பெயர், சுருக்கமாக எம்டிஎம். மைக்ரோசாஃப்டின் இன்டியூன், ஆப்பிள் கருவிகளுக்கான ஜாம்ஃப் ஆகியவை இதற்கென்றே உள்ள மென்பொருள்கள். திரைப்பூட்டைக் கட்டாயமாக்குவது, சில ஆப்களைத் தடுப்பது, தொலைந்த செல்பேசியைத் தொலைவிலிருந்தே பூட்டுவது, அதிலுள்ளதை அழிப்பது எல்லாம் இதனால் முடியும்.

நிறுவனங்கள் இதை வீம்புக்குக் கேட்பதில்லை. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தின் உள் கணினிகளுக்குள் ஒருவர் புகுந்தார். ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் சொந்தக் கருவியில் தீய மென்பொருள் புகுந்திருந்தது, அதன் வழியாகத் திருடப்பட்ட கடவுச்சொல்லே விலைக்குப் போயிருக்க வேண்டும் என்று ஊபர் பின்னர் விளக்கியது. திருடியவர் திரும்பத் திரும்ப உள்நுழைய முயல, அனுமதி கேட்டு அந்தப் பணியாளருக்கு அறிவிப்புகள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் ஒன்றுக்கு அவர் அனுமதி கொடுத்துவிட்டார். அவ்வளவுதான், கதவு திறந்துவிட்டது.

ஆக, கட்டுப்பாடு தேவைதான். எந்த அளவுக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கம்பெனி வாங்கிக் கொடுத்த செல்பேசி என்றால் பெரும்பாலும் முழுக் கட்டுப்பாடு அவர்கள் கையில். என்னென்ன ஆப்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம், முழுவதையும் அழிக்கலாம். அது நம்மிடம் இருக்கும் அமானிதம். பிள்ளைகள் விளையாடவோ குடும்பப் படங்களைச் சேர்த்துவைக்கவோ உரிய இடமல்ல.

சொந்தச் செல்பேசி என்றால் நிலைமை வேறு. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் 'வொர்க் புரொஃபைல்' என்ற தனி அறை உண்டு. அதற்குள் இருக்கும் ஆப்களின் மீது சிறிய பெட்டி அடையாளம் தெரியும். அந்த அறைக்கு வெளியே உள்ள உங்கள் படங்களையும் வாட்ஸ்அப்பையும் நிறுவனம் பார்க்க முடியாது. அழித்தாலும் அந்த அறை மட்டுமே காலியாகும். விடுமுறையில் ஊருக்கு வரும்போது அதை நிறுத்தி வைத்துவிட்டால் அலுவலக அறிவிப்புகள் வராது. ஐபோனில் இதற்கு நிகரான முறை 2019இல் ஐஓஎஸ் 13உடன் வந்தது. எந்த ஐபோனாக இருந்தாலும் எம்டிஎம் வழியாக உங்கள் குறுஞ்செய்திகளையோ படங்களையோ படிக்க முடியாது. ஆனால் அலுவலக வைஃபையில் நீங்கள் எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பது வேறு வழியில் அவர்களுக்குத் தெரியக்கூடும்.

கவலைக்குரியது பழைய முறைதான். தனி அறை எதுவும் இல்லாமல், மெயில் கணக்கைச் சேர்க்கும்போதே 'டிவைஸ் அட்மின்' அனுமதி கேட்பார்கள். அந்தத் திரையைப் பொறுமையாகப் படித்தால், எல்லாத் தரவையும் முன்னறிவிப்பின்றி அழிக்கும் உரிமையும் பட்டியலில் இருப்பது தெரியும். சொந்தச் செல்பேசியில் இந்த அனுமதியைக் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. 'வொர்க் புரொஃபைல் அமைத்துத் தாருங்கள், இல்லையென்றால் கம்பெனி செல்பேசி தாருங்கள்' என்று கேட்பதில் தவறில்லை.

ஏற்கெனவே கொடுத்துவிட்டோமா என்று பார்க்க, ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின்' என்று தேடுங்கள். ஐபோனில் ஜெனரல் பகுதிக்குள் 'விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்' என்ற இடத்தில் தெரியும்.

பத்துப் பேரை வைத்துத் தொழில் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கொடுத்த செல்பேசியில் ஊழியர் தன் சொந்த ஆப்பிள் கணக்கையோ கூகுள் கணக்கையோ போட்டுவிட்டு, அதை நீக்காமல் விலகினால், அழித்த பின்பும் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு அது பூட்டியே நிற்கும். கணக்கை நீக்கியபின் வாங்குங்கள். வாடிக்கையாளர் எண்களை அவருடைய சொந்த வாட்ஸ்அப்பில் விட்டுவைக்காதீர்கள். அதை எந்த மென்பொருளாலும் திரும்ப எடுக்க முடியாது.

வேலையை விடுபவர்கள், ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே சொந்தப் படங்களையும் தொடர்பு எண்களையும் வேறிடத்தில் சேமித்துவிட வேண்டும். பலர் மறப்பது சிம் கார்டை. வளைகுடாவில் கம்பெனி சிம்மிலேயே வங்கிக் கணக்கையும் சவூதியின் அப்ஷர் போன்ற அரசு சேவைகளையும் இணைத்திருப்போம். சிம்மைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் ஓடிபி வேறொருவர் கைக்குப் போகும். முதலில் சொந்த எண்ணுக்கு மாற்றுங்கள், மாறியதைச் சோதித்துப் பாருங்கள், பிறகு சிம்மை ஒப்படையுங்கள்.