தாயகம் கற்ற பாடம்

1922ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் இரவு. பிரேசில் நாட்டின் சாவோ பவுலோ நகர நாடக மன்றம். மேடையில் ஒருவர் கவிதை படிக்கிறார். கேட்க வந்த கனவான்களோ கூச்சலிடுகின்றனர், சீழ்க்கையடிக்கின்றனர். கவிதையின் பெயர் 'தவளைகள்'. அளவும் இயைபும் பிசகாதிருந்தால் போதும், அதுவே கவிதை என்றிருந்த பழம்புலவர் கூட்டத்தை எள்ளி நகையாடும் பாட்டு அது. எழுதிய மானுவல் பண்டெய்ரா உடல் நலிவால் வரவில்லை. ஏச்சை ஏற்று நின்றவர், படித்த ரொனால்ட் டி கார்வாலோ.

இந்தக் கார்வாலோவின் பெயரை ஏழாண்டுகளுக்கு முன்பே நாம் வேறோர் இடத்தில் காண்கிறோம். 1915இல் போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் வெளிவந்த 'ஓர்ஃபெயு' ஏட்டின் முதல் இதழுக்கு இயக்குநர் இருவர்: போர்ச்சுகலுக்கு லூயிஸ் டி மொண்டல்வோர், பிரேசிலுக்குக் கார்வாலோ. மொண்டல்வோர் ரியோ நகரில் வாழ்ந்து திரும்பியவர். இரண்டே இதழ்கள் வந்தன. மூன்றாவது அச்சுப்படியோடு நின்றது. பெர்னான்டோ பெசோவா எனும் பெருங்கவிஞர் வெளிப்பட்டது அந்த ஏட்டில்தான்.

ஆகவே, தாயகம் விளக்கேற்றியது, குடியேற்ற நாடு அதைக் கையில் வாங்கிக்கொண்டது என்று சொல்லிவிடலாமா? ஆதிக்கத்தின் எழுத்தர்கள் அப்படித்தான் சொல்வார்கள். உண்மை அவ்வளவு எளிதன்று. சாவோ பவுலோவின் இளைஞர்கள் பாரிசையும் இத்தாலியையும் நோக்கியிருந்தனர்; பெசோவாவை அவர்கள் அறிந்திலர். 'ஓர்ஃபெயு'வின் பதிப்பாளராகப் பெயர் போட்டிருந்த அந்தோனியோ ஃபெர்ரோ 1922இல் அங்கே சென்று, அவர்களுடைய 'கிளாக்சன்' ஏட்டில் முழக்கமிட்டது உண்டு. (அதே ஃபெர்ரோ 1933இல் சர்வாதிகாரி சலாசாரின் பரப்புரைத் துறைக்குத் தலைவரானார். புதுமை பேசுவோரெல்லாம் விடுதலை பேசுவோர் அல்லர்!)

பிரேசிலின் இளைஞர்களுக்கு வேண்டியது வேறு. 1808 வரை அந்த மண்ணில் அச்சகம் வைக்கவே தடை. 1822இல் அரசியல் விடுதலை கிடைத்தது. மொழிக்கு விடுதலை எங்கே? தெருவில் பிரேசில் மக்கள் 'எனக்கு' என்னும் சொல்லை வினைக்கு முன்னே வைத்துப் பேசினர். பள்ளி இலக்கணமோ லிஸ்பன் வழக்கப்படி பின்னே வை என்றது. வெள்ளையனும் கறுப்பனும் நாள்தோறும் பேசுவதைப் பிழை என்றது. ஓஸ்வால்ட் டி அந்திராடே இதையே ஒரு குறுங்கவிதையாக்கி, 1925இல் வந்த 'பிரேசில் மரம்' தொகுப்பில் வைத்தார். தலைப்பே குத்தல்தான்: போர்ச்சுகல் வெட்டிக் கப்பலேற்றிச் சென்ற மரத்தின் பெயர் அது. இனி ஏற்றுமதி மரமன்று, கவிதை என்றார் அவர்.

அக்கவிதை கரையேறிய இடங்களுள் ஒன்று கேப் வெர்டே. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், வறட்சியும் பஞ்சமும் மாறி மாறி வதைத்த தீவுகள். 1975 வரை போர்ச்சுகலின் பிடியில் கிடந்தவை. 1936இல் அங்கே பல்தசார் லோப்பஸ், ஜோர்ஜ் பர்போசா முதலியோர் 'கிளாரிடாடே' ஏட்டைத் தொடங்கினர். அவர்கள் ஆசானாகக் கொண்டது ஆண்டானின் தலைநகரையன்று, பிரேசிலை! அங்கிருந்து வந்த நூல்களில் தம் தெருவையும் தம் பசியையும் கண்டனர். பண்டெய்ரா கற்பனையில் கட்டிய 'பசார்கடா' எனும் இன்பநாட்டின் பெயரையே எடுத்துக்கொண்டு லோப்பஸ் கவிதைகள் புனைந்தார். ஆண்டான் மொழியிலேயே அடிமை தன் குரலைக் கேட்பது எத்தகைய விந்தை!

பெசோவா பிரேசிலை அடைந்த கதையும் சுவையானது. 1934இல் பிரேசில் கவிஞர் செசிலியா மெய்ரெலஸ் லிஸ்பன் சென்று, அவரைக் காணக் காத்திருந்தார். அவர் வரவில்லை, கையொப்பமிட்ட நூல் மட்டுமே வந்தது. சோதிடம் சந்திப்பைத் தடுத்தது என்பர். புதுமைக் கவிஞரும் கட்டத்துக்குள் அடைபட்டார் போலும்! ஆயினும் 1944இல் ரியோவில் செசிலியா தொகுத்த போர்ச்சுகல் புதுக்கவிஞர் நூலே பெசோவாவைப் பிரேசில் வாசகர்களிடம் சேர்த்தது.

தாயகத்தில் அந்நாளில் என்ன நிலை? திறனாய்வாளர் அடோல்ஃபோ காசாய்ஸ் மொண்டெய்ரோவைப் பாருங்கள். 1935இல் பெசோவா தம் புனைபெயர்க் கவிஞர்களின் பிறப்பை விளக்கிப் புகழ்பெற்ற மடல் எழுதியது அவருக்குத்தான். பண்டெய்ராவைப் பற்றித் தனி நூலே எழுதினார் அவர். சலாசார் ஆட்சி அவரை ஆசிரியப் பணியிலிருந்து நீக்கியது, சிறையிலும் வைத்தது. 1954இல் அவர் பிரேசிலுக்குப் போனார். அங்கே மாணவர்களுக்கு இலக்கியம் கற்பித்தார். 1964இல் அந்நாட்டிலும் படையினர் ஆட்சியைப் பறித்தனர். அவர் அங்கேயே இருந்தார். 1972இல் சாவோ பவுலோவில் அவர் கண் மூடினார். லிஸ்பனில் கொடுங்கோல் வீழ்ந்தது 1974இல்.