விடலைப் பருவத்தினர்க்குரிய நவீனம்

நமது பாட்டியல் நூலார் பெண்டிரின் வாழ்நாளைப் பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவங்களாக வகுத்தனர். மங்கைக்கு 12, 13 வயது. மடந்தைக்கு 14 முதல் 19 வரை. ஆடவர்க்கும் மீளி, காளை, விடலை என்னும் பெயர்கள் உள. பருவங்களை இத்துணை நுணுகி நோக்கிய மொழியில், அப்பருவத்தார் படித்தற்கென ஒரு கதைத்துறை நெடுங்காலம் பெயர் பெறாதிருந்தது. இளையோர் புனைகதை என்று இன்று நாம் வழங்குவது யாது, அதனுள் எவை அமைதல் வேண்டும் என்பதை ஈழத்து இலக்கிய வரலாற்றைக் கொண்டு நோக்குவோம்.

மேனாட்டிலும் இது மிகப் பழையதன்று. 1802 இல் சாரா டிரிம்மர் என்னும் ஆங்கில அம்மையார், 14 வயது வரை குழந்தைகள் நூல் என்றும் அதன்மேல் 21 வரை இளையோர் நூல் என்றும் பிரித்தார். ஆயினும் அப்பிரிவு தனித்துறையாக வளர்ந்தது 20 ஆம் நூற்றாண்டிலேயே. 1967 இல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' என்னும் அமெரிக்க நாவலை எஸ். ஈ. ஹின்டன் எழுதத் தொடங்கியபோது அவர் பள்ளி மாணவி.

கதைத்தலைவரின் வயது ஒன்றே ஒரு நூலை இளையோர்க்குரியதாக்கிவிடாது. சிலப்பதிகாரத்தில் மணவினையின்போது கண்ணகிக்கு 12, கோவலனுக்கு 16. எனினும் அம்மணத்தை முடித்தவர் பெற்றோர். தொடர்ந்து வருவது முதியோருலகின் கதை. மணிமேகலை அத்தகையளல்லள். தாய் மாதவி ஒரு வழி காட்டுகிறாள். பாட்டி சித்திராபதி மறுவழிக்கு இழுக்கிறாள். தன் நெஞ்சோ உதயகுமரன்பாற் செல்வதைத் தோழியிடம் அவளே ஒப்புகிறாள். அந்நெஞ்சையும் சுமந்துகொண்டு ஒரு வழியைத் தேர்கிறாள். (அவள் சென்ற மணிபல்லவம் நமது நயினாதீவே என்பாரும் உளர்.) தீர்மானம் அப்பருவத்தவர் கையில் இருத்தல், அதன் பயனையும் அவரே சுமத்தல்: இதுவே இத்துறையின் இலக்கணம் என்பது என் துணிபு.

இவ்வளவைகொண்டு நோக்கின் வியப்பான செய்தியொன்று புலப்படும். ஈழத்துத் தமிழ் நவீனம் தொடங்கியதே ஓர் இளைஞன் கதையுடன்தான். கண்டியிற் பிறந்த சித்திலெவ்வை மரைக்கார் 1885 இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்', கெய்ரோவிற் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே களவாடப்பட்டுப் பம்பாயில் வளர்ந்த அசன் என்பவனின் வரலாறு. அவன் கல்கத்தா சென்று கற்று, ஆளாகி, ஈற்றிற் பெற்றோரை அடைகிறான். ஆசிரியர் வழக்கறிஞர், 'முஸ்லிம் நேசன்' என்னும் பத்திரிகையை நடத்தியவர், கல்விக்கூடங்கள் நிறுவ உழைத்தவர். படிக்கும் பிள்ளைகளையே மனத்திற் கொண்டவர் எழுதிய நூல் என்பது பக்கந்தோறும் தெரியும். அறிவுரை மிகுதிதான், ஆயினும் கதை நில்லாது ஓடுகிறது.

இத்தொடக்கத்தைப் பின்வந்தோர் பெரிதும் பின்பற்றவில்லை. நவீனம் மணவாழ்க்கையையும் சமூகச் சீர்திருத்தத்தையும் நாடிச் சென்றது. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபின், கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள கிராண்ட்பாஸிலிருந்து வீரகேசரிப் பிரசுரங்கள் மலிவு விலையில் வெளிவந்தன. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' இரண்டும் 1973 இல் வந்தவை. உயர்வகுப்பு மாணாக்கர் அவற்றைக் கைமாற்றிப் படித்தனர். அவர்க்கென எழுதப்படாதவற்றை அவர்களே தமக்கென ஆக்கிக்கொண்டனர்.

இந்நாட்டின் பிறமொழிகளோ இத்துறையில் முந்திவிட்டன. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ' 1947 இல் சிங்களத்தில் வெளிவந்தது. உபாலியும் ஜின்னாவும் வீட்டைத் துறந்து, கொக்கல வாவித் தீவொன்றிற் காடு திருத்திப் பயிர் செய்கின்றனர். தலைமுறைதோறும் படிக்கப்பெறும் அந்நூல் தமிழிலும் பெயர்க்கப்பட்டது. ஷியாம் செல்வதுரை 2005 இல் ஆங்கிலத்தில் எழுதிய 'சுவிமிங் இன் த மொன்சூன் சீ', 1980 ஆம் ஆண்டுக் கொழும்பில் வாழும் 14 வயது அம்ரித்தின் கதை. தன் உள்ளம் செல்லும் வழி ஊரார் வழியன்று என அவன் உணர்வதே அதன் நடுப்பொருள். கொழும்புப் பிள்ளையின் அகவாழ்வு இவ்வாறு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. வெள்ளவத்தையிலே தமிழ்மொழி மூலம் பயிலும் மாணவி தன் கதையைத் தன் மொழியில் எங்கே படிப்பாள்?

அக்கதைக்குப் பொருள் இல்லாமலில்லை. 1983 ஐப் பற்றி வீட்டில் எவரும் பேசாத மௌனம் ஒரு பொருள். கனடாவிலுள்ள தந்தையைக் கைத்தொலைபேசித் திரையில் மட்டும் கண்டு வளர்தல் மற்றொன்று. 2019 ஏப்ரல் 21 ஆம் நாள் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திற் குண்டு வெடித்தபோது கொட்டாஞ்சேனையிற் சிறுவராயிருந்தோர் இன்று இப்பருவத்தை எய்தியுள்ளனர். அயல்வீட்டு முஸ்லிம் தோழனோடு அதன்பின் எங்ஙனம் பேசுவது என்று அவர்களுட் சிலர் தடுமாறியிருப்பர். முதற் காதலும், தேர்வில் தவறும் அச்சமும், மாலை வகுப்புக்கும் வீட்டுக்கும் இடையே பேருந்தில் கழியும் பொழுதும் சிறியனவல்ல. இவற்றை மறைக்காமல் எழுத வேண்டும். முடிவில் ஆசிரியர் புகுந்து தீர்ப்புக் கூறலாகாது. பாத்திரங்கள் அவ்வத் தெருவின் தமிழைப் பேசட்டும். சிங்களச் சொல் கலப்பின் கலக்கட்டும்.

தடை எழுத்தாளரிடம் மட்டும் இல்லை. பாடசாலை நூலகத்துக்கு நூல் தெரிவோரிற் சிலர், காதல் என்னும் சொல்லைக் கண்டதும் அந்நூலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகின்றனர். அதே மாணாக்கன் அன்று மாலை கைத்தொலைபேசியிற் காண்பதை அவனுக்கு எவரும் தெரிந்து கொடுப்பதில்லை.