மலை தேர்ந்த எஞ்சின்

மோட்டார் சைக்கிளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலை வாசலில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். எந்த ஆண்டில் வரைந்தார்கள், எத்தனை வண்டி விற்றது, எந்தப் போட்டியில் வென்றது என்ற கணக்குகளோடு கதை நிறைவுற்றுவிடுகிறது. ஆனால் ஓர் எஞ்சின் இரண்டு முறை பிறக்கிறது என்பது நம் எண்ணம். முதல் பிறப்பு தொழிற்சாலையில். இரண்டாவது, யாரோ ஒருவர் அதை முழுக்கப் பிரித்துப்போட்டு, தம் ஊரின் மேட்டுக்கும் மழைக்கும் ஏற்பத் திரும்பக் கூட்டும்போது. முதல் பிறப்புக்கு ஆவணங்கள் உண்டு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் கிடையாது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர் சாலையை முன்வைத்து இந்த இரண்டாவது பிறப்பைப் பற்றிச் சிறிது பேசலாம்.

கொங்கு நாட்டில் இதற்கு ஒரு தொடக்கப்புள்ளி உண்டு. சூலூரை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, பள்ளிப் படிப்பில் நாட்டமில்லாத கிராமத்து இளைஞராக இருந்தபோது, லங்காஷயர் என்ற ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடும் வண்டி அவரை விடவில்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் பரிமாறும் வேலைசெய்து, பணம் சேர்த்து, அந்த அதிகாரியிடமே அதை விலைக்கு வாங்கினார் என்பது கோவையில் பலரும் அறிந்த கதை. இக்கதையைச் சொல்கிறவர்கள் விடாமுயற்சியைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நமக்கு அதன் அடுத்த பகுதியே முக்கியமாகப் படுகிறது. வாங்கிய வண்டியை அவர் முதலில் பகுதி பகுதியாகக் கழற்றினார்; பிறகு மீண்டும் பூட்டினார். கையேடு படித்து அல்ல, கழற்றிப் பூட்டியே அவர் எந்திரவியல் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கி, அதை யு.எம்.எஸ். என்ற பெரும் நிறுவனமாக வளர்த்தவரின் பல்கலைக்கழகம் அந்த ஒற்றை வண்டிதான்.

அவர் வாங்கியது ரட்ஜ். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்துத் தயாரிப்பு. அன்றைய ரட்ஜ் வண்டிகளில் எஞ்சினின் விசை பின்சக்கரத்துக்குப் பட்டை வழியாகச் சென்றது. பட்டை நனைந்தால் வழுக்கும். அதே ஆண்டுகளில் அந்நிறுவனம் வெளியிட்ட ‘மல்டி’ என்ற வகையில் கப்பியின் விட்டத்தைக் கூட்டிக் குறைத்து மேட்டுக்கும் சமவெளிக்கும் ஏற்ப வேகவிகிதத்தை மாற்ற முடிந்தது. 1914இல் ஐல் ஆஃப் மேன் தீவின் மலைப்பாதைப் பந்தயத்தில் சிரில் புல்லின் வென்றது இவ்வகை வண்டியில்தான். மலை ஏறுவது என்பது அப்போதே எஞ்சின் செய்வோரின் தலையாய சிக்கலாக இருந்தது என்பதற்கு இது சான்று.

நம் மலைக்கு வருவோம். ஆழியாற்றைக் கடந்ததும் தொடங்கும் ஏற்றத்தில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் நின்று கீழே நீர்த்தேக்கத்தைப் பார்க்கும் இடத்துக்கு, சாலை அமைப்பில் ஈடுபட்ட லோம் என்ற வெள்ளையரின் பெயரை வைத்திருக்கிறார்கள். மேலே கவர்க்கல்லில் தேயிலைத் தோட்டங்களின் முன்னோடி எனப்படும் கார்வர் மார்ஷின் சிலை நிற்கிறது. காட்டை வெட்டியவர்கள், கல் உடைத்தவர்கள், கங்காணிகளின் பின்னால் நடந்தே ஏறியவர்கள், காய்ச்சலில் மாண்டவர்கள் ஆகியோருக்குச் சிலையும் இல்லை, வளைவும் இல்லை. தோட்ட மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ எழுதியிராவிட்டால், இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்திராவிட்டால், நம்மில் பலர் அச்சாலையை வெறும் கண்குளிர் காட்சியாகவே கடந்திருப்போம். எஞ்சினைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஏறுவதற்குச் சாலை இருந்ததால்தான் எஞ்சின் ஏறியது.

அம்மலையோடு ஒட்டிக்கொண்ட எஞ்சின் ரட்ஜ் அல்ல, புல்லட். அதன் முதல் பிறப்பும் கரடுமுரடான பாதையில் நிகழ்ந்ததே. 1948 பிப்ரவரியில் இங்கிலாந்தில் நடந்த கோல்மோர் கோப்பைப் போட்டியில், பின்சக்கரத்துக்கும் அதிர்வுதாங்கி பொருத்திய சோதனை வண்டிகளை ராயல் என்ஃபீல்டு முதன்முதலாக இறக்கியது. பின்பக்கம் ஆடினால் சேற்றில் பிடிமானம் போய்விடும் என்பது அன்றைய வல்லுநர்களின் உறுதியான நம்பிக்கை. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த பன்னாட்டு ஆறு நாள் சோதனையில் விக் பிரிட்டனும் சார்லி ராஜர்ஸும் புல்லட்டில் தங்கப் பதக்கம் பெற்றதும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. விக்கின் மகன் ஜானி பிரிட்டன் 1952இலும் 1957இலும் ஸ்காட்லாந்து ஆறு நாள் சோதனையை வென்றார். பாறையிலும் ஓடையிலும் கால் ஊன்றாமல் ஏறவேண்டிய போட்டி அது. வேகத்துக்கு அங்கே மதிப்பில்லை. மெல்லச் சுழலும்போதும் இழுக்கும் வலுவுக்கே மதிப்பு.

அந்த வலு எங்கிருந்து வருகிறது? உருளையின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 90. மொத்தம் 346 சிசி. அகலத்தைவிட நீளம் கூடிய இந்த அமைப்பும், கிராங்கின் இருபுறமும் கனத்த சக்கரங்களும் சேர்ந்து, எஞ்சினை எளிதில் நின்றுபோகாததாக ஆக்குகின்றன. 1953இல் வந்த 500 சிசி வகையில் விட்டத்தை 84 ஆக்கினார்கள். ஓடும் தூரத்தைத் தொடவில்லை. குதிரைத்திறன் கணக்கில் பார்த்தால் 350க்குப் பதினெட்டு, இந்தியாவில் செய்த 500க்கு இருபத்திரண்டு என்ற அளவே. இன்றைய இளைஞர்கள் சிரிக்கக்கூடிய எண்கள். மலைக்கு அந்த எண்கள் போதுமாக இருந்தன.

1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 350ஐத் தேர்ந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் முதலில் கூட்டல் வேலை, பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்து சேர்ந்து, 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. ரெட்டிச்சில் இருந்த தாய் ஆலை 1967இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் உற்பத்தி 1970இல் அடியோடு நின்றது. 1977இல் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது. குழந்தை வளர்ந்து தாய்வீட்டுக்குச் சீர் கொண்டுபோன கதை.

தோட்டங்களுக்கு புல்லட் ஏறியதில் வியப்பில்லை. ஐயர்பாடி, பரளை, உருளிக்கல், இஞ்சிப்பாறை என்று பரந்த எஸ்டேட்டுகளில் தேயிலைச் செடிகளினூடே செல்லும் கப்பி ரோடுகளில் ஜீப்பும் புல்லட்டுமே தாக்குப்பிடித்தன. சின்ன துரைமார்களின் வாகனம் அது. தூரத்து வளைவில் அந்தத் தட்டல் ஒலி எழும்போது கொழுந்து கிள்ளும் கைகள் விரைந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். புல்லட்டின் ஒலியைச் சங்கீதமாகப் போற்றும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம், அதை வேறுவிதமாகக் கேட்ட காதுகளின் நினைவு நமக்கு வருவதுண்டு.

மலையில் உழைத்த எஞ்சின் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ இறங்கி வந்தாக வேண்டும். அதற்கான நகரம் தயாராக இருந்தது. 1888இல் தொடங்கிய பஞ்சாலை, 1926இல் வந்த பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சி நிறுவனம், 1932இல் வந்த பைக்காரா மின்சாரம், 1937இல் நாயுடுவும் பாலசுந்தரமும் உருவாக்கிய மின்மோட்டார் என்று அடுக்கடுக்காகச் சேர்ந்து, தெருவுக்கு ஒரு லேத்தும் பேட்டைக்கு ஒரு வார்ப்பகமும் கொண்ட ஊர் அது. பம்புசெட்டுக்கு உருளை கடைந்த கைக்கு புல்லட்டின் வார்ப்பிரும்பு உருளை அந்நியமாக இருக்கவில்லை.

பழைய எஞ்சினை மலைக்காகக் கூட்டும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் உருளையை அளந்து, தேய்வு கூடுதலாயின் போர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். இங்கே ஆசை குறுக்கிடும். அழுத்தம் கூடிய பிஸ்டனைப் போட்டால் வலு கூடும். ஆனால் புல்லட்டின் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் இருப்பது உருள்குண்டு அல்ல, மிதக்கும் புஷ். அதற்கு எண்ணெய் அனுப்பும் பம்பு நிதானமானது. அழுத்தத்தை ஏற்றினால் முதலில் பழி வாங்குவது அந்தப் புஷ்தான். எனவே விவரம் தெரிந்தவர்கள் அழுத்தத்தைத் தொடுவதில்லை. வாயு செல்லும் வழிகளைச் சீராக்கி, வால்வுகளைப் படிய அரைத்து, கியர்பெட்டியின் செயின் பல்சக்கரத்தில் ஒரு பல்லைக் குறைப்பார்கள். உச்ச வேகம் குறையும். ஏற்றத்தில் இழுப்பு கூடும். கனத்த சக்கரத்தைக் கடைந்து எடை குறைக்கலாம் என்று சொல்பவரைப் பட்டறையிலிருந்து அனுப்பிவிடுவது நல்லது. அந்தக் கனம்தான் சேற்றில் வண்டியை நிறுத்தாமல் உருட்டுவது.

டேப்பெட்டுக்கு அளவுத்தகடு தேவையில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வால்வுகள் மூடிய நிலையில், தள்ளுகோல் விரலால் திருப்பச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. அலுமினியத் தலைப்பகுதி சூட்டில் விரிந்து மீதி இடைவெளியைத் தானே தந்துவிடும். இதைத் தாளில் எழுதிவிட்டோம். விரல் நுனியில் அந்த ‘சுழலலாம், ஆடலாகாது’ வந்து அமர்வதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

அடுத்து ஓட்டிப் பார்ப்பது. புது பிஸ்டன் சமவெளியில் முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாகப் பழக வேண்டும். அவசரப்பட்டு மலையேற்றினால் சூட்டில் விரிந்து உருளையைப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் சட்டென்று இறுகும். வளைவில் அப்படி நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. பழகிய பின் ஆழியாறு. பொள்ளாச்சியில் சரியாக இருந்த கார்புரேட்டர் வால்பாறையில் சரியாக இராது. ஏறக்குறைய 1100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்து பெட்ரோல் மிகும். பிளக்கைக் கழற்றினால் கரி படிந்திருக்கும். சரியான கலவையாயின் அது காப்பித்தூள் நிறம் காட்டும். ஏற்றத்தில் இன்னொரு சோதனை. மெல்லவும் இழுக்கும் எஞ்சின் என்ற பெருமிதத்தில் மேல் கியரிலேயே உறுமவிட்டு ஏறுகிறவர்கள் உண்டு. வேகம் குறைந்து சுமை கூடும்போது புஷ்ஷுக்கும் ராடுக்கும் இடையிலான எண்ணெய்ப் படலம் கிழியும். இழுக்கிறது என்பதற்காக இழுக்கவிடலாகாது. ஒரு கியர் குறைப்பதே அறிவு. இறக்கமோ வேறு தேர்வு. கைப்பிடியை மூடியபடி நாற்பது வளைவும் இறங்கும்போது உருளைக்குள் வெற்றிடம் தோன்றி, வளையங்களைத் தாண்டி எண்ணெயை மேலே இழுக்கும். அடிவாரத்தில் முறுக்கியதும் நீலப்புகை கக்கினால் போரிங் செய்தவரிடம் திரும்பப் போக வேண்டும். எந்த ஆய்வுக்கூடமும் இவ்வளவு நேர்மையான தீர்ப்பைச் சொல்லாது.

2008 முதல் எஞ்சினும் கியர்பெட்டியும் ஒன்றான புதிய வகை வந்து, அடுத்த சில ஆண்டுகளில் வார்ப்பிரும்பு எஞ்சின் நின்றுபோனது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளின்முன் அது நின்றிருக்க முடியாது. இதில் குறைசொல்ல ஏதுமில்லை. 2016இல் வந்த ஹிமாலயனின் 411 சிசி எஞ்சினும் அகலத்தைவிட நீளம் கூடியதே: 78க்கு 86. அதற்குப்பின் 2023இல் வந்த 452 சிசி எஞ்சின் நீரால் குளிர்வது, அகலம் கூடியது, நாற்பது குதிரைத்திறன் தருவது. கலவையைக் கணினி திருத்துகிறது. உயரத்தை உணர்வியே அறிந்துகொள்கிறது. பிளக்கின் நிறம் பார்க்க யாரும் குனிய வேண்டியதில்லை. 2019இல் ஜானி பிரிட்டனின் வண்டியை நினைவூட்டி, சிவப்பும் பச்சையும் பூசிய சட்டத்தோடு ‘ட்ரையல்ஸ்’ என்றொரு புல்லட்டைக் கொண்டுவந்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் அதுவும் விடைபெற்றது.

வால்பாறையைச் சூழ்ந்த காடு 2007இல் புலிகள் காப்பகமானது. சாலையை விட்டு வண்டி இறங்கும் உரிமை அங்கே யாருக்கும் இல்லை, இருக்கவும் கூடாது. பழைய புல்லட்டைக் கூட்டி முடித்தவருக்கு எஞ்சியிருப்பது அந்த நாற்பது வளைவும், தோட்டத்தார் அனுமதித்தால் கப்பி ரோடும்தான். புஷ் பொருத்தத் தெரிந்த கைகள் கோவையிலும் பொள்ளாச்சியிலும் இன்னும் உள்ளன. பெரும்பாலானவை முதிய கைகள். அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்துவைக்க இலக்கிய வாசகர்களாகிய நாமே முன்வரலாம். ஒரு பிற்பகலும், சில கோப்பைத் தேநீரும், இடையில் வாடிக்கையாளர் வந்தால் காத்திருக்கும் பொறுமையும் போதும்.