படப் பின்தயாரிப்புக் கூடங்களின் உள்கட்டமைப்பு: சர்வர் அறை முதல் காப்புநகல் வரை

ஸ்ரீ சிட்டி: ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஸ்ரீ சிட்டி தொழில் நகரில் டைக்கின், புளூ ஸ்டார், லாயிட் ஆகிய நிறுவனங்களின் குளிர்சாதன இயந்திர ஆலைகள் இயங்கி வருகின்றன. வீடுகளில் வசதிப் பொருளாகக் கருதப்படும் இந்த இயந்திரம், இங்கிருந்து சுமார் 55 கி.மீ. தெற்கே உள்ள சென்னையின் திரைப்படப் பின்தயாரிப்புக் கூடங்களுக்கு இன்றியமையாதது. படமாக்கப்பட்ட காட்சிகள் தொகுப்பு, வண்ணச் சீரமைப்பு, ஒலிக்கலவை ஆகிய பணிகளுக்காக மாதக்கணக்கில் தங்கியிருப்பது சர்வர் அறையில்தான். அந்த அறையின் வெப்பநிலை இரவு பகலாக 18 முதல் 27 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. திருப்பதியில் 2008 முதல் இயங்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பக்தி தொலைக்காட்சி போன்ற ஒளிபரப்பு நிலையங்களுக்கும் இந்த அடிப்படைகள் பொருந்தும்.

இந்தியத் திரையுலகில் ஆவிட் கணினித் தொகுப்பு முறையை முதன்முதலில் பயன்படுத்திய படமாக, 1994-ல் வெளியான 'மகாநதி' அறியப்படுகிறது. படச்சுருள் காலத்தில் தொகுப்பு மேசையில் பிரதி கிழிந்தாலும் மூல நெகட்டிவ் ஆய்வகத்தில் பத்திரமாக இருந்தது. டிஜிட்டல் முறையில் கேமராவின் நினைவக அட்டை நகலெடுக்கப்பட்டு, அழிக்கப்பட்டு, அடுத்தடுத்த நாள் படப்பிடிப்புக்கே திரும்பிச் செல்கிறது. அதன்பின் ஹார்ட் டிஸ்கில் உள்ள நகல்தான் நெகட்டிவ். மழையில் எடுத்த ஒரு காட்சி அழிந்துபோனால் அதே மழையை மீண்டும் வரவழைக்க இயலாது.

எவ்வளவு இடம், எவ்வளவு வேகம்?

சுருக்கப்படாத 10 பிட் 4கே காட்சியின் ஒரு பிரேம் ஏறக்குறைய 35 மெகாபைட் அளவுடையது. நொடிக்கு 24 பிரேம் எனில் 850 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 3 டெராபைட். சாதாரண அலுவலகங்களில் உள்ள ஒரு கிகாபிட் நெட்வொர்க் நொடிக்கு அதிகபட்சம் 125 மெகாபைட்டையே கடத்தும். 10 கிகாபிட் இணைப்பிலும் இத்தகைய காட்சி ஒன்றை மட்டுமே ஓட்ட முடியும். எனவே தொகுப்பாளர்களுக்கு 'பிராக்ஸி' எனப்படும் சுருக்கிய நகல்களை அளித்துவிட்டு, வண்ணச் சீரமைப்பு அறைக்கு மட்டும் அதிவேக இணைப்பு வழங்குவது வழக்கம். புதிதாகக் கூடம் அமைப்போர் திரைக்கும் இருக்கைக்கும் முன்பாக ஸ்விட்சுக்கும் கேபிளுக்கும் பணம் ஒதுக்குவது நல்லது. வாடிக்கையாளர் கண்ணில் படாத செலவு என்பதால் இதுவே பெரும்பாலும் தள்ளிப்போடப்படுகிறது.

பல ஹார்ட் டிஸ்குகளை ஒன்றிணைக்கும் 'ரெய்டு 6' முறையில், ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்குகள் பழுதானாலும் கோப்புகள் தப்பும். ஆனால் தவறான கட்டளை ஒன்றை யாரேனும் இட்டுவிட்டால், அந்த அழிவை ரெய்டு தடுக்காது. 1998-ல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாரிப்பின்போது இதுதான் நேர்ந்தது. சர்வரில் இடப்பட்ட ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி சில நிமிடங்களில் அழிந்தது. காப்புநகலை நாடியபோதுதான், அது சில வாரங்களாகச் சரிவர இயங்கவில்லை என்பது தெரிந்தது. குழந்தை பிறந்ததையொட்டி வீட்டிலிருந்து பணியாற்றிய தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சுஸ்மனின் கணினியில் ஒரு நகல் இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தனர். இவ்வாறு மீட்கப்பட்ட படத்தின் கதை பின்னர் பெருமளவு மாற்றி எழுதப்பட்டது என்பது தனிக்கதை.

மூன்று நகல்கள், இரு வகை ஊடகங்கள், ஒரு நகல் வேறு ஊரில் என்ற '3-2-1' விதி இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. பிக்சார் நிகழ்வு அதனுடன் மற்றொன்றையும் சேர்க்கிறது: மாதம் ஒருமுறையேனும் காப்புநகலிலிருந்து சில கோப்புகளை மீட்டெடுத்து, திறந்து பார்க்க வேண்டும். 'காப்பு நிறைவுற்றது' என்று திரையில் தோன்றும் செய்தியை மட்டும் நம்ப இயலாது.

புயலும் மின்சாரமும்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையை வெள்ளக்காடாக்கிய 'மிக்ஜாம்' புயல், 5-ஆம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. சென்னையின் பல பகுதிகளில் பாதுகாப்பு கருதி மின்சாரம் நிறுத்தப்பட்டது. யுபிஎஸ் என்பது ஜெனரேட்டர் இயங்கிச் சுமையை ஏற்கும் வரையிலான இடைவெளியை நிரப்புவதற்கும், அது இயங்காவிடில் சர்வர்களை முறையாக நிறுத்துவதற்குமே உரியது; நாள் முழுவதும் தாங்காது. ஜெனரேட்டரைத் தரைத்தளத்துக்குக் கீழே வைத்தால் வெள்ளத்தில் அதுவே முதலில் மூழ்கும்.

யுபிஎஸ் பேட்டரிகளின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ பாதியாகக் குறையும். குளிரூட்டப்படாத மாடிப்படி அடியில் அவற்றை அடுக்குவது பொய்யான சிக்கனம். கோடையில் மண் வறண்டால் எர்த்திங்கின் திறன் குறையும். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் எளிய வேலைக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். எர்த்திங் சரியில்லாத இடத்தில் ஒலிப்பதிவில் இரைச்சல் புகுவதும் உண்டு.

கசிவு அபாயம்

2013 செப்டம்பரில் பவன் கல்யாண் நடித்த 'அத்தாரின்டிகி தாரேதி' தெலுங்குப் படத்தின் முதல் பாதி, திரைக்கு வருமுன்பே இணையத்தில் கசிந்தது. இதனால் வெளியீடு முன்கூட்டியே செப்டம்பர் 27-க்கு மாற்றப்பட்டது குறிப்பிடத்தக்கது. தொகுப்புக் கணினிகளை இணையத்திலிருந்து துண்டித்து வைத்தல், யுஎஸ்பி துளைகளை முடக்குதல், வெளியே அனுப்பும் ஒவ்வொரு நகலிலும் பெறுபவரின் பெயரை நீர்க்குறியாகப் பதித்தல் ஆகியவை தற்போது வழக்கத்தில் உள்ளன.

பணி முடிந்த படங்கள் பொதுவாக எல்டிஓ காந்த நாடாவுக்கு மாற்றப்படுகின்றன. எல்டிஓ-9 நாடா ஒன்று 18 டெராபைட் கொள்ளும். முழுவதும் எழுத 12 மணி நேரத்துக்கு மேலாகும். நீண்டகாலச் சேமிப்புக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பமும் 50 சதவீதத்துக்கு மிகாத ஈரப்பதமும் தேவை. கடலோர ஊர்களில் நாடா அறைக்கு ஈரப்பத நீக்கி கட்டாயமாகிறது. எல்டிஓ-9 இயந்திரம் எல்டிஓ-8 நாடாவை வாசிக்கும். எல்டிஓ-7 நாடாவை வாசிக்காது. ஆகவே பழைய நாடாக்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தலைமுறை நாடாவுக்கு மாற்றி எழுதும் செலவையும் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.